கொட்டை எடுத்த புளி

சென்னை,
மார்ச் 16, 2025

அன்புள்ள மச்சானுக்கு,

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, மதியம் மூன்று ஐம்பத்திரண்டுக்கு உங்கள் போன் வந்தது. "மாப்ள, அபி போய்ட்டா. ரஞ்சித் ஜீப்பு திருப்பத்தூர் எறங்கறதுக்குள்ள போய்ட்டா" என்றீர்கள். சுற்றி வளைக்கவில்லை. உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்று பொய் சொல்லி, என் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று ரயில் முழுக்க என்னை நம்ப வைத்துக் கூட்டி வரவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லவே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் சிக்னலுக்கு மேட்டுக்கு ஏற வேண்டும். எனக்கும் போனைக் காதில் வைத்தால் பேச்சு வருவதில்லை. எழுதினால் வருகிறது.

காரியம் முடிந்து கிளம்பும்போது அத்தை கட்டிக் கொடுத்த சாமைச் சோற்றை ஜோலார்பேட்டை தாண்டிச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. ஆனால் மிச்சம் வைக்கவில்லை. அத்தையிடம் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறேன். யாராவது கூகுளில் ஒன்றைத் தேடினால் மேலே முதலில் விளம்பரம் வருமே, அதைக் கம்பெனிகளுக்குப் பார்த்துக்கொடுப்பதுதான் என் வேலை. விளம்பரம் வந்து நின்றால் காசு இல்லை. ஒருவர் அமுக்கினால் காசு. அபி உங்கள் மகளிர் குழுவுக்கு ஆரம்பித்த புளிக் கடைக்கும் அவளே ஒரு விளம்பரம் போட்டிருந்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமுக்குகிறார்கள், காசு போகிறது, ஆர்டர் இல்லை. நிறுத்திவிடவா?

அத்தை எப்படி இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை,
கோகுல்ராஜ்

*

புதூர்நாடு,
மார்ச் 30

மாப்ளைக்கு அருணகிரி எழுதறது. இங்க எல்லாரும் நடமாட்டமா கீறோம். மருமவன் ராத்திரி சோறாக்கித் துன்றாரா, கடையில வாங்கித் துன்றாரான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.

விளம்பரத்த நிறுத்தாத மாப்ள. இந்த வருஷம் புளி நல்லா காச்சிது. குழுவுல எல்லாப் பொம்பளைங்களும் ஒக்காந்து தட்டி, கொட்ட எடுத்து, நார் எடுத்து, குடோன் ரொம்ப அடுக்கி வெச்சிட்டாங்க. அபிதானே கூட ஒக்காந்து தட்டினா. இப்ப வாங்கறதுக்கு ஆளில்ல. மழ கெட்டியா புடிச்சா ஈரக்காத்துல எல்லாம் கறுத்துப் போவும்.

போன வாரம் கீழ இருந்து வியாபாரி வந்தான். "அந்தப் பொண்ணு போயிடுச்சி, இனிமே யாரு கம்ப்யூட்டர்ல விக்கப் போறீங்க, எங்கிட்டயே போட்டுடுங்க"ன்னான். குப்பம்மா எழுந்துச்சி, "உன்கிட்ட போடறதுக்கு ஓடையில போடுவேன், போய்யா"ன்னு தொரத்திட்டா. அவன் ஜீப்பு ஏறின அப்புறம் எங்கிட்ட தனியா வந்து, "அருணகிரி, ஆடிப்பெருக்கு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள போவலன்னா அவன்கிட்டதான் போடணும். அபி கடய மூடிட வேண்டிதான்"னு சொல்றா. குழுவுக்கு அவதானே தலைவி.

நீ ஊரு கம்பெனிக்கெல்லாம் பாக்கற. நம்ம புளிக்கும் பாரேன்.

உன் மச்சான்,
அருணகிரி

*

சென்னை,
ஏப்ரல் 12

மச்சானுக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. அத்தையிடம் சொல்லுங்கள், குக்கரில் சோறு வைக்கிறேன். குழம்புதான் வெளியே வாங்குகிறேன்.

நம் புளிக்குப் பார்க்கச் சொன்னதற்கு நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

நேற்று உட்கார்ந்து, என்னென்ன தேடியவர்களுக்கு நம் விளம்பரம் போயிருக்கிறது என்று பார்த்தேன். பாதிப் பேர் பூஜைக்கு ஜவ்வாது பொடி தேடியவர்கள். அபி 'ஜவ்வாது மலைப் புளி' என்று போட்டிருக்கிறாள். வாசனைப் பொடி கேட்டவர்களிடம் போய் நம் புளி நின்றிருக்கிறது. இன்னொரு கூட்டம் புளியோதரை எப்படிச் செய்வது என்று தேடியவர்கள். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே புளி இருக்கும். இரண்டு கூட்டத்துக்கும் காட்டாதே என்று தடை போட்டுவிட்டேன். இனி 'கொட்டை எடுத்த புளி', 'புதுப் புளி வாங்க' என்று தேடுகிறவர்களுக்கு மட்டும் போகும். சென்னை, வேலூர், பெங்களூர், அங்கே உங்கள் மாவட்டம். அவ்வளவுதான்.

அமுக்கியதும் திறக்கிற கடைப் பக்கம் அப்படியே இருக்கட்டும். அதில் ஒன்றும் மாற்ற வேண்டாம். நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு சந்தேகம். கடையில் குழுவின் போன் நம்பர்தான் இருக்கிறது. கூப்பிடுகிறவர்களுக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

கோகுல்ராஜ்

*

புதூர்நாடு,
ஏப்ரல் 27

மாப்ள, சொகமா கீறியா? இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. அம்மாவுக்கு முட்டி வலி, மத்தபடி ஒண்ணியும் இல்ல.

நீ கேட்டது நல்ல கேள்வி. ஒருத்தரும் பதில் சொல்றதில்ல. குழு போன குப்பம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்துல, துணி போத்தி வெச்சிருந்தா. வூட்டுலதான் சிக்னலே இல்லியே. கேட்டா, "அபி வாங்கிக் குடுத்த போனு, கீறல் விழுந்துடும்னு பாத்துக்கறேன்"ங்கறா. மேட்டுக்கு எடுத்துட்டுப் போனா கடகடன்னு கூப்ட்டவங்க நம்பரா வந்து விழுது. ஒருத்தரு பெங்களூர்ல இருந்து நாலு தடவ கூப்ட்டிருக்காரு. திருப்பிக் கூப்ட்டா, "நான் வேற எடத்துல வாங்கிட்டேம்மா"ன்னு வெச்சிட்டாரு. குப்பம்மா மொகத்த நீ பாக்கணுமே.

கூட்டம் போட்டு முடிவு பண்ணோம். தெனம் காலையில பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு ஆளு போனோட மேட்டுப் பாறையில ஒக்காரணும். வெயில்ல யாரு ஒக்காருவான்னு ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்கறாங்க. எங்கம்மா, "நான் ஒக்காறேன்"னாங்க. காரியத்துக்கு அப்புறம் வூட்ட வுட்டு வெளிய வராத மனுஷி. எனக்கே ஆச்சரியம். முட்டி வலின்னு சொன்னா, "மெதுவா ஏறுவேன், நீ உன் வேலையப் பாரு"ங்கறாங்க.

அபி பேசி எடுத்த வீடியோ கடையில வருதாமே, குப்பம்மா சொன்னா. நீ பாத்தியா? நல்லாருக்கா?

அருணகிரி

*

சென்னை,
மே 12

மச்சானுக்கு,

அத்தைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

அத்தை பாறையில் இருக்கிற பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும் விளம்பரம் வருகிற மாதிரி மாற்றிவிட்டேன். எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் ஒருவரைக் கூப்பிட வைத்து என்ன பயன்? இரண்டு வாரத்தில் கொஞ்சம் ஆர்டர் வந்திருக்கும். ரஞ்சித் பார்சலைக் கிழியாமல் கொண்டுபோய் கூரியரில் போடுகிறானாம், அவனுக்கும் நன்றி.

ஆனால் ஒரு கோளாறு. ஒரு நாளைக்கு வைத்திருக்கிற காசு பத்தரை மணிக்கே தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு தேடுகிற யாருக்கும் நாம் தெரிவதில்லை. எங்கிருந்து அமுக்குகிறார்கள் என்று பார்த்தால் சென்னை இல்லை, பெங்களூர் இல்லை. உங்கள் மலைதான். சரியாகப் பத்து மணிக்கு, தினமும், திரும்பத் திரும்ப. ஒன்றும் வாங்குவதில்லை.

எங்கள் தொழிலில் இது உண்டு. போட்டிக்காரன் ஆள் வைத்து அமுக்கி, அடுத்தவன் காசைக் கரைப்பான். அந்த வியாபாரியாக இருக்குமோ என்று தோன்றுகிறது. ஒன்றுதான் புரியவில்லை. திருட்டுத்தனமாக அமுக்குகிறவன் உடனே ஓடிவிடுவான். இந்த ஆள் ஒவ்வொரு தடவையும் கடைசி வரை பக்கத்திலேயே இருக்கிறான்.

விசாரித்துப் பாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகுல்ராஜ்

*

புதூர்நாடு,
மே 25

மாப்ள, எல்லாரும் நல்லா கீறோம். ஆனா நீ என்ன நல்லா மாட்டி வுட்ட.

உன் லெட்டரப் படிச்சிட்டு நேரா சந்தைக்குப் போனேன். வியாபாரியோட ஆளு சுரேஷ் அங்க பலாக்காய்க்கு வெல பேசினு இருந்தான். சட்டயப் புடிச்சி, "எங்க விளம்பரத்த எத்தினி நாளா அமுக்கற?"ன்னேன்.

"எத்த மாமா அமுக்கினேன்? உன் தல மேல சத்தியமா பலாக்காயத்தான் அமுக்கிப் பாத்தேன்."

"போன எடுடா வெளிய."

எடுத்தான். பட்டன் போனு மாப்ள. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வெச்சிருக்கான். சந்தையே சிரிக்குது. அவங்க மொதலாளிக்கு அதுவும் இல்லியாம், மகன் போன்லதான் பேசுவானாம், மகன் ஓசூர்ல கீறானாம். மன்னிப்பு கேட்டு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். ரெண்டு போண்டாவும் துன்னான் படவா.

அப்ப யாருதான் அமுக்கறது? எனக்குத் தெரியல. நீ எது சரியோ அதச் செய்யி. புளி பாதிகூட போவல, மேக்கால மேகம் கட்டுது.

அம்மா நல்லா கீறாங்க. பாறையில ஒக்காந்துட்டு வந்தா ரெண்டு கவளம் சேத்து துன்றாங்க.

அருணகிரி

*

சென்னை,
ஜூன் 5

மச்சானுக்கு,

சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று. நன்றி.

யாராக இருந்தாலும் சரி, இனி தேட வேண்டாம். திங்கட்கிழமை முதல் உங்கள் மலைக்கும் திருப்பத்தூர் சுற்று வட்டாரத்துக்கும் நம் விளம்பரம் தெரியாதபடி தடுத்துவிடுகிறேன். மலையில் இருப்பவர்கள் நம் புளியை இணையத்தில் வாங்கப் போவதில்லை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அத்தை கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்.

கோகுல்ராஜ்

*

புதூர்நாடு,
ஜூலை 2

மாப்ள,

பதிலு போட நாளாச்சி, மனசுல வெச்சிக்காத. நடுவுல மழ. ரோட்டுல மரம் சாஞ்சி ஜீப்பு ரெண்டு நாளு ஓடல.

நீ கை வெச்சதும் புளி போவுது பாரு, இன்னா போவு! குப்பம்மா தூங்கறதே இல்ல. பாறையில இப்ப அவதான் ஒக்கார்றா. போனு அடிச்சினே கீது. குழுவுல எல்லாரும் உனக்குக் கும்புடு சொல்றாங்க. அபி புருஷன் கைராசிக்காரன்னு சம்பூர்ணம் சொல்லுது.

அம்மாவுக்கு ஒடம்பு சுமாரா கீது.

மலைக்குப் போட்ட தடைய எடுத்துட முடியுமா மாப்ள? கொஞ்சம் காசு போனாலும் பரவால்ல.

அருணகிரி

*

சென்னை,
ஜூலை 9

மச்சானுக்கு வணக்கம்.

அத்தைக்கு என்ன? சுமார் என்றால் என்ன? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா?

தடையை ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்? அது போட்ட பிறகுதானே புளி போகிறது. முன்பு பத்து பேர் அமுக்கினால் ஒருவர்கூட வாங்கியதில்லை. இப்போது நாலு பேரில் ஒருவர் வாங்குகிறார். நான் பார்க்கிற பெரிய கம்பெனிகளுக்கே இப்படி வருவதில்லை. ஆடிப்பெருக்குக்குள் குடோன் காலியாகிவிடும். இப்போது போய்த் தடையை எடுத்தால் மறுபடி பத்தரை மணிக்குக் காசு தீரும். கடையை மூட வேண்டிவரும். அபி கடை மச்சான்.

பாறையில் அத்தைதானே உட்கார்வார்கள்? ஏன் குப்பம்மா?

நீங்கள் எனக்கு எதையும் மறைத்ததில்லை. அன்றைக்கே நேராகச் சொன்னவர். இதையும் சொல்லுங்கள்.

கோகுல்ராஜ்

*

புதூர்நாடு,
ஜூலை 18

மாப்ள, நேராவே எழுதறேன்.

மலையில இருந்து அமுக்கினது எங்கம்மா.

உன் ஜூன் மாச லெட்டரு வந்த அன்னிக்கி மேட்டுக்குப் போனேன், உனக்கு ஒரு போன் போட்டுடலாம்னு. அம்மா பாறையில எனக்கு முதுகு காட்டி ஒக்காந்துனு இருந்தாங்க. போன வாய்கிட்ட வெச்சி, "கொட்ட எடுத்த புளி"ன்னு சொல்றாங்க. அபிதான் அப்படிச் சொல்லித் தேடக் கத்துக் குடுத்திருக்கா. அம்மாவுக்கு எழுத்து தெரியாது இல்ல? மேல மொதல்ல வர்றத அமுக்கறாங்க. கட வீடியோ ஓடுது. அபி வர்றா. கையில புளிய வெச்சினு பேசறா. "இதுல ஒரு கொட்ட இருந்தாலும் எங்க அம்மாவ வந்து கேளுங்க"ன்னு சொல்லிச் சிரிக்கறா. அம்மா, "வந்து கேக்கட்டும்டி, யாரு வேணாம்னா?"ங்கறாங்க. முடிஞ்சிடிச்சி. திரும்ப "கொட்ட எடுத்த புளி". திரும்ப அவ சொல்றா, திரும்ப இவங்க பதில் சொல்றாங்க.

நான் சத்தம் போடாம எறங்கி வந்துட்டேன். அமுக்கினா காசு போவும்னு அவங்களுக்குத் தெரியாது. சொல்ல வாய் வரல. உனக்கு எழுதவும் கை வரல. அதுக்குள்ள திங்கக்கெழம வந்துடிச்சி.

அன்னிக்கி அம்மா எறங்கி வந்து, "இன்னிக்கி அவ வரல, வேற எவனோ புளிதான் வருது. நாளைக்கி வருவா"ன்னாங்க. மறுநாளும் போனாங்க. ஒரு வாரம் போனாங்க. அப்புறம் குப்பம்மாகிட்ட போனக் குடுத்துட்டாங்க. இப்ப செவுத்தப் பாத்துப் படுத்துனு கீறாங்க. டாக்டரு ஒண்ணுமில்லங்கறாரு.

புளி போவலன்னா கட போச்சி. புளி போனா அம்மா இப்படி. இன்னா பண்றது மாப்ள? உன்மேல எனக்குக் கோவம் இல்ல. நீ எங்களுக்கு நல்லதுதான் பண்ண. குழுவுல அடுத்து சாமையும் போடலாம்னு பேசறாங்க.

அருணகிரி

*

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்ட்,
ஜூலை 26

அன்புள்ள மச்சானுக்கு,

ரஞ்சித் ஜீப்பில் மூட்டையும் ஆட்களும் நிரம்பிவிட்டார்கள். "மாமா, என் மடியில ஒக்காந்து நீயே ஓட்டு, வேற எடம் இல்ல" என்கிறான். நான் பின்னால் பஸ்ஸில் வருகிறேன். அவன் டீ குடித்து முடிப்பதற்குள் இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நேரில் வந்தால் எனக்குச் சொல்ல வராது.

தடையை எடுக்க வேண்டியதில்லை. புளியும் போகும், அபியும் வருவாள். விளம்பரத்தை அமுக்கிப் போனால்தான் காசு. கடையை நேராகத் திறந்தால் ஒரு பைசா கிடையாது. வீடியோவைப் போனிலேயே இறக்கி வைத்துவிட்டால் சிக்னல்கூட வேண்டாம். அத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கலாம், பத்து மணிக்குக் காத்திருக்க வேண்டாம். இதைக் கடிதத்திலேயே எழுதி, ரஞ்சித்தை விட்டுச் செய்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

நான் வருவது வேறொன்றுக்கு. வீடியோ நன்றாக இருக்கிறதா, பார்த்தாயா என்று ஏப்ரலில் கேட்டீர்கள். நான் பதில் எழுதவில்லை. நான் பார்க்கவில்லை மச்சான். இத்தனை மாதமாக அந்தக் கடைக்கு ஆட்களை அனுப்பினேன், ஒரு நாளும் உள்ளே போகவில்லை. விரல் அதன் மேல் போய் நிற்கும், அமுக்காது. நேற்று வீடியோவை என் போனில் இறக்கினேன், ஓட விடாமலே. முதல் படத்தில் கண்ணைப் பாதி மூடியிருக்கிறாள். அதோடு கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கடைசி வரை யாரோ இருக்கிறார்கள் என்று மே மாதம் எழுதினேனே, அந்தக் கணக்கைத்தான் தினமும் ஆபீசில் முறைத்துக்கொண்டிருந்தேன். திருடன் என்று நினைத்தேன். நான் போக முடியாத இடத்துக்கு அத்தை தினமும் போய் அவளிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. பிப்ரவரியிலிருந்து வராதது. அத்தைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள். மருமகன் வருகிறான், அபியைக் கூட்டிக்கொண்டு வருகிறான், அவனுக்குத் தனியாகப் பார்க்கத் தைரியம் இல்லை. அத்தைதான் அமுக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அபி சொல்கிறதற்கு அத்தை என்ன பதில் சொல்கிறார்களோ, அதைக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் என் கும்பிடு. எனக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொல்லுங்கள், பசிக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை,
கோகுல்ராஜ்

பி.கு. ரஞ்சித் ஹாரன் அடிக்கிறான். எங்கே வருகிறேன் என்று கேட்க மேட்டுக்கு ஏறிக் கூப்பிடாதீர்கள், கிடைக்காது. பஸ் மலை ஏறி வர நேரமாகும். கையில் அவள் இருக்கும்போது விரல் சும்மா இருக்குமா என்று தெரியவில்லை. அத்தை இல்லாமல் நான் பார்த்துவிடக் கூடாது. போனை ஆஃப் பண்ணிவிட்டேன்.